பல வேலை தெரிந்திருப்பதா, ஒரு வேலையில் தேறுவதா?

படம் வரைவார், போட்டோ எடுப்பார், வீடியோ எடிட் செய்வார், கேட்டால் நாலு வரி விளம்பர வாசகமும் எழுதித் தருவார். இப்படிச் சில வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எல்லாவற்றையும் இப்படியே தொடர்வதா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவதா? எழுத்துரு வடிவமைப்பு மட்டும், சவுண்ட் மிக்ஸிங் மட்டும் என்று வருடக்கணக்கில் இருந்தவருக்கும் இதே கேள்விதான், தலைகீழாக வரும். பக்கத்து வேலைகளைக் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டோமோ என்று யோசிப்பார்.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான், அதனால் அகலக் கால் வைக்காதே என்பது ஒன்று. கற்றது கைமண் அளவு, கிடைப்பதையெல்லாம் கற்றுக்கொள் என்பது இன்னொன்று. இரண்டும் ஆளைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். எந்த மாதிரிப் படைப்பு வேலை, யாருக்காகச் செய்கிறோம், எத்தனை பேரோடு சேர்ந்து செய்கிறோம் என்பதெல்லாம் தெரியாமல் இதில் வழி சொல்ல முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மையம் வேண்டும். அந்த மையம் ஒரு சாஃப்ட்வேராகவோ கருவியாகவோ இருக்கக் கூடாது. தீர்த்துத் தரும் ஒரு சிக்கலாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் போகலாம். இது பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

வேலை எப்படி வந்து சேர்கிறது

படைப்புத் துறையில் வேலை பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது. "குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட யாராவது நல்ல ஆள் இருக்கிறார்களா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிறார். கேட்ட நொடியில் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். குழந்தைகள் புத்தகத்துக்கு மட்டுமே வரைகிறவரின் பெயர் உடனே வந்துவிடும். லோகோவும் செய்வார், போஸ்டரும் செய்வார், கேட்டால் குழந்தைகள் புத்தகமும் செய்வார் என்பவரின் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும். பல சமயம் வராமலே போகும். உண்மையில் அவர் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவராக இருக்கலாம். "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" என்ற குறள் வேலை கொடுப்பவருக்குச் சொன்னது. வேலை தேடுபவர் அதையே தன் பக்கமிருந்து படித்தால், ‘இந்த வேலையா, அவரிடம் கொடு’ என்று பிறர் யோசிக்காமல் சொல்லும்படி ஒரு வேலையாவது தன் பெயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாக் கிளையன்ட்டும் அப்படித் தேடுவதில்லை. புதிதாகத் தொடங்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு ஒரு லோகோ, ஒரு வெப்சைட், கொஞ்சம் போட்டோ, அதோடு போட நாலு பத்தி எழுத்து வேண்டும். நாலு பேரைத் தேடிப் பிடித்து, நாலு பேருக்கும் தனித்தனியாக விளக்கி, ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததோடு ஒட்டவில்லை என்றால் பஞ்சாயத்தும் பண்ண அவர்களால் முடியாது. அங்கே எல்லாம் தெரிந்த ஒருவர்தான் சரியான ஆள். சமாளிப்புக்காக இதைச் சொல்லவில்லை. எல்லாம் ஒரே கையிலிருந்து வருவதால் போட்டோவின் நிறமும் எழுத்தின் தொனியும் லோகோவின் குணமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். நாலு நிபுணர்களைத் தனித்தனியாக அமர்த்தினால் அந்தப் பொருத்தத்துக்கென்றே ஐந்தாவதாக ஒருவர் தேவைப்படுவார்.

அந்த நிறுவனம் வளரும்போதுதான் சிக்கல். அவர்கள் ஒரு டிசைன் குழு வைக்கிறார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வேலை, ஒரு பெயர். ஆரம்பத்தில் எல்லாமுமாக இருந்தவருக்கு அங்கே நாற்காலி இல்லாமல் போகிறது, அல்லது ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது: எல்லோரையும் பார்த்துக்கொள்பவருடையது. பல வேலை தெரிந்தவரின் இயல்பான வளர்ச்சி ஆர்ட் டைரக்டர், கிரியேட்டிவ் டைரக்டர், தயாரிப்பாளர் என்ற பக்கம்தான் போகிறது. அதில் விருப்பம் இருப்பவர் தாராளமாக அகலமாகவே இருக்கலாம். பல வேலை தெரிந்திருப்பதுதான் அந்தப் பதவிக்கான தகுதியே. ஆனால் பிறரை வைத்து வேலை வாங்குவது பிடிக்காது, என் கையால் செய்வதுதான் எனக்குச் சந்தோஷம் என்பவர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கையால் செய்துகொண்டே வளர வேண்டும் என்றால், ஒரே வகை வேலையில் மேலும் மேலும் பெரிய வேலைக்குப் போவதுதான் வழி. திரைப்படத் தொகுப்பில் தெல்மா ஸ்கூன்மேக்கர் அப்படிப் போனவர். 1980 முதல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் திரைப்படங்களைத் தொடர்ந்து தொகுத்து வந்திருக்கிறார். தொகுப்புக்கு மட்டும் மூன்று ஆஸ்கர். அவர் இயக்குநராக மாறவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை.

எங்கே பிழை என்று தெரிவது

இரண்டு பாதைக்கும் உண்மையான வேறுபாடு எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்யத் தெரிவது வேறு; செய்ததில் எது சரியில்லை என்று தெரிவது வேறு. முதலாவதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதற்கு வருடங்கள் ஆகும்.

ஒரு தமிழ்ப் புத்தகத்தின் உள்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். லே-அவுட் ஓரளவு தெரிந்த ஒருவர், ஆங்கிலப் புத்தகத்துக்கு வைக்கும் வரி இடைவெளியையே இதற்கும் வைத்துவிடுவார். தமிழில் மேலே சுழித்து ஏறும் ‘ி’, ‘ீ’ கொக்கிகள் இருக்கின்றன, புள்ளி இருக்கிறது. கீழே ‘கு’, ‘சூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் வால் இறங்குகிறது. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். பக்கம் அடைசலாகத் தெரியும், ஏன் என்று தெரியாது. அப்புறம் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் ஒன்றாக நிற்கும்படி இழுத்துக் கட்டினால், ஒரு வரியில் மூன்றே சொல் நின்று நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இதிலேயே ஊறியவர் பக்கத்தைப் பார்த்தவுடன் வரி இடைவெளியைக் கூட்டுவார், எழுத்தின் அளவை ஒரு சுற்று குறைப்பார், வலது ஓரத்தைக் கட்டாமல் விடலாமா என்று யோசிப்பார், சொல்லை எங்கே உடைத்தால் படிப்பவர் தடுமாறமாட்டார் என்று பார்ப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர் அதே பக்கத்தைப் பார்த்து, "என்னமோ சரியில்லை, எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாம்" என்பார். மாற்றியும் சரியாகாது.

நுனிப்புல் மேய்வதன் ஆபத்து இதுதான். வேலை மோசமாக இருப்பதில்லை; ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த ஓரளவுக்கு மேலே போகப் படி எங்கே இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. ஐந்து துறையிலும் இதே உயரத்தில் நின்றுவிட்டால், பத்து வருடம் கழித்தும் ஐந்திலும் அதே இடத்தில்தான் இருப்போம். 2022-க்குப் பிறகு சில வரி எழுதிக் கொடுத்தாலே படம் போட்டுத் தரும் செயலிகள் எல்லோர் கையிலும் வந்துவிட்டன. ஓரளவு நன்றாக என்பது இப்போது மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு. அந்தச் செயலிகள் கொடுப்பதில் எது பொய்யாக இருக்கிறது, எதை எடுக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு என்று நம்புகிறேன். அந்தக் கண் ஆழத்தில் இறங்காமல் வராது.

அதே சமயம், ஆழத்தில் மட்டும் இருப்பவருக்கும் தெரியாத பிழைகள் உண்டு. ஒரு நேர்காணலை வீடியோ எடுக்கிறார்கள். ஒளிப்பதிவு மட்டுமே தெரிந்தவர் அழகான ஃப்ரேம் வைப்பார், முகத்தில் வெளிச்சம் அருமையாக விழும். பேசுபவர் கடைசிச் சொல்லைச் சொன்னதும் கேமராவை நிறுத்திவிடுவார். எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகுதான் தெரியும், அந்த ஷாட்டின் முடிவில் வெட்டுவதற்கு மூச்சுவிடக்கூட இடம் இல்லை என்று. கொஞ்ச நாளாவது எடிட்டிங் செய்த ஒளிப்பதிவாளர் ஷாட்டுக்கு முன்னும் பின்னும் சில நொடிகள் விட்டு எடுப்பார். பேசுபவரின் கையை, எதிரே உட்கார்ந்து கேட்பவரின் முகத்தைத் தனியாக எடுத்து வைப்பார், இடையில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் மறைக்க வேண்டுமே என்று. ஒலியும் கொஞ்சம் தெரிந்திருந்தால், எல்லாம் முடிந்ததும் யாரையும் பேச வேண்டாம் என்று சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனி இரைச்சல் இருக்கிறது. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதை நிரப்பாவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒளிப்பதிவில் அவருடைய ஆழம் கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்து வேலை தெரிந்ததால் அதே ஆழம் இன்னும் பயன்படுகிறது.

ஆக, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நான் செய்யும் வேலைகளில் எதில் எனக்குப் பிழை தெரிகிறது? பிறர் சொல்வதற்கு முன், காரணத்தோடு, திருத்தும் வழியோடு தெரிகிறதா? அப்படி ஒன்றாவது இருந்தால் அகலம் ஆபத்தில்லை. ஒன்றுகூட இல்லை என்றால் முதல் வேலை அதை உண்டாக்கிக்கொள்வதுதான்.

கருவியைப் பிடிப்பதா, சிக்கலைப் பிடிப்பதா

சரி, ஒன்றில் இறங்கலாம் என்று முடிவெடுக்கிறவருக்கு அடுத்த பயம், அந்த ஒன்றே இல்லாமல் போய்விட்டால்? நியாயமான பயம். 1990-களின் இறுதியிலிருந்து வெப்சைட்டுகளில் அசையும் படங்கள், விளையாட்டுகள், முழுப் பக்கங்கள்கூட ஃப்ளாஷ் என்ற சாஃப்ட்வேரில்தான் செய்யப்பட்டன. ‘ஃப்ளாஷ் டிசைனர்’ என்பதே ஒரு பதவியாக இருந்தது. 2007-இல் வந்த ஐபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. அப்புறம் படிப்படியாக இறங்கி, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஃப்ளாஷின் மெனுவை மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அது பேரிழப்பு. அசைவைத் தெரிந்தவர்களுக்கு, அதாவது ஒரு பந்து தரையில் பட்டுத் துள்ளும்போது எந்த ஃப்ரேமில் நசுங்க வேண்டும், ஒரு பொத்தான் எத்தனை நொடியில் திறந்தால் கைக்கு இதமாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அது கருவி மாற்றம் மட்டும்தான். சில மாதம் சிரமப்பட்டு வேறு கருவிக்குப் போய்விட முடிந்தது.

மேத்யூ கார்ட்டர் என்ற எழுத்துரு வடிவமைப்பாளரின் வாழ்க்கை எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் தெம்பு தருவது. 1937-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1950-களின் நடுவில் நெதர்லாந்தில் ஹார்லெம் நகரின் என்ஸ்கெடே அச்சகத்தில், உலோக எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சைக் கையால் செதுக்கக் கற்றுக்கொண்டார். அந்தத் தொழில் அப்போதே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. உலோகம் போய், எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்தது. அவர் அதற்கு எழுத்துரு செய்தார். கணினி வந்தது, அதற்கும் செய்தார். 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் தொலைபேசி அடைவுக்காக ‘பெல் சென்டென்னியல்’ என்ற எழுத்துருவைச் செய்தபோது அவர் செய்த ஒரு காரியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எழுத்துகளின் மூலைகள் கடித்து எடுத்ததுபோல் வெட்டப்பட்டிருக்கும். மலிவான தாளில் அதிவேகத்தில் அச்சடிக்கும்போது மை பரவும் என்று தெரிந்து, பரவும் மைக்கு முன்கூட்டியே இடம் விட்டிருந்தார். பொடி எழுத்தில் அச்சானதும் அந்தப் பள்ளங்கள் நிரம்பி எழுத்து ஒழுங்காகத் தெரியும். பிறகு 1996-இல் மைக்ரோசாஃப்ட்டுக்காக ‘வெர்டானா’. இங்கே மையே கிடையாது. சிக்கல், திரையின் தடித்த புள்ளிகளில் சிறிய எழுத்து கலங்கிப்போவது. அதனால் முதலில் புள்ளிகளாக வரைந்து, அதற்கு ஏற்ப வளைவுகளை அமைத்தார்.

உலோகம், ஒளி, கணினி, திரை என்று அவர் காலுக்குக் கீழே தரை பலமுறை மாறியது. அவர் பிடித்திருந்தது ‘கஷ்டமான இடத்தில் சின்ன எழுத்தைப் படிக்க வைப்பது எப்படி’ என்ற சிக்கலை. அது எங்கேயும் போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மிகக் குறுகிய நிபுணர்; உள்ளே அவர் கற்றுக்கொண்ட தொழில்நுட்பங்களை எண்ணினால் பல வேலை தெரிந்தவர்களைவிட அதிகம். ஒன்றில் இறங்குவதென்றால் ஒன்றை மட்டும் கற்பது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அகலத்தின் பலம்

அகலத்தைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் பழையது. 1592-இல் லண்டனில் வெளியான ஒரு சிறு நூலில், ராபர்ட் கிரீன் என்ற எழுத்தாளரின் பெயரில், நாடக உலகில் முளைத்த ஒரு ‘எல்லா வேலைக்காரனை’க் கேவலமாகத் திட்டியிருக்கிறார்கள். திட்டு வாங்கியவர் ஷேக்ஸ்பியர் என்பது அறிஞர்களின் பரவலான கருத்து. அவர் நடித்தார், எழுதினார், பின்னர் நாடகக் குழுவில் பங்குதாரராகவும் ஆனார். மூன்றும் ஒரே மேடையைச் சுற்றித்தான். நடிகருக்கு எந்த வரியில் மூச்சு நிற்கும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தது. எந்த நடிகருக்கு எது வரும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த அகலம் எழுத்துக்கு உரமானது.

சத்யஜித் ராய் இன்னும் தெளிவான உதாரணம். எழுதினார், இயக்கினார், இசையமைத்தார், கேமராவை இயக்கினார், போஸ்டர் வரைந்தார், எழுத்துருகூட வடிவமைத்தார். அந்தப் பட்டியலைப் பார்த்து ‘அவர் எல்லாவற்றையும் செய்தார், நானும் செய்யலாம்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வரிசையைப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். 1943-இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். வருடக்கணக்கில் அதுதான் தொழில். 1955-இல் முதல் திரைப்படம் வந்தபோது இசை ரவிசங்கர், ஒளிப்பதிவு சுப்ரத மித்ரா, கலை பன்சி சந்திரகுப்தா. இசையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது 1961-இல்தான். தொகுப்பாளராக துலால் தத்தா தொடர்ந்து கூடவே இருந்தார். ஒவ்வொரு வேலையாக, முந்தையது கைவந்த பிறகு, திரைப்படம் என்ற ஒரே மையத்தை நோக்கி அகலமானார். ஒரே நாளில் ஆறு வேலைக்கும் விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, தொடக்கத்திலிருந்தே எல்லாம் தானே என்று செய்து ஜெயித்தவரும் உண்டு. ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்ற கணினி விளையாட்டை எரிக் பரோன் தனியாளாகச் செய்தார்: நிரல், படம், இசை, கதை எல்லாம். நாலு வருடத்துக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்டார். இங்கே பல வேலை தெரிந்திருப்பது வசதி மட்டும் இல்லை. அந்தப் படைப்பு பிறக்க வேறு வழியே கிடையாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாத, ஆனால் முழுப் பொருளையும் தானே உண்டாக்க நினைக்கும் ஒருவருக்கு, அகலம்தான் சரியான பாதை. தனியாக காமிக்ஸ் போடுபவர், தன் பாட்டைத் தானே எழுதிப் பாடிப் பதிவு செய்பவர், ஆவணப்படத்துக்கு ஒற்றை ஆளாகக் கேமராவோடு கிளம்புபவர், இவர்களுக்கு ‘ஒன்றை மட்டும் செய்’ என்று சொல்வது தப்பான ஆலோசனை. ஆனால் அவர்கள் விற்பது திறமைகளை இல்லை, முடிந்த பொருளை. பிறருக்காக வேலை செய்து பிழைப்பவரின் கணக்கு அதே இல்லை.

அகலத்துக்கு ஒரு பராமரிப்புச் செலவு இருப்பதையும் சொல்ல வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறார் ஔவை. பழக்கத்தை விட்டால் கை மறக்கும். ஐந்து திறமை வைத்திருப்பவர் ஐந்தையும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து சாஃப்ட்வேரின் சந்தாவும் அவர் தலையில்தான். இன்னொன்று, முடிக்காமல் விடுவது. லியோனார்டோ டா வின்சி ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் குறிப்பேடுகளை நிரப்பினார். அவருடையவை என்று பரவலாக ஏற்கப்படும் ஓவியங்கள் இருபதுக்கும் குறைவு, அவற்றிலும் சில பாதியில் நிற்பவை. அவர் விட்டுப்போன பாதிகூட நமக்குப் பொக்கிஷம்தான். ஆனால் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் நிலையையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நிறைய ஆர்வங்கள் உள்ளவர் எதைத் தொடங்குவது என்று யோசிப்பதைவிட, தொடங்கியதில் எத்தனை முடிந்தது என்று வருடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

துறையைப் பொறுத்தது

எல்லாப் படைப்பு வேலையும் ஒரே மாதிரிக் கற்கக்கூடியது இல்லை. 1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவரோடு சேர்ந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். பின்னாளில் அது ‘பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் நிபுணர்’ என்று எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. எரிக்ஸனே அதை ஏற்கவில்லை. அது ஒரு சராசரி, தாண்டினால் கதவு திறக்கும் எல்லைக்கோடு இல்லை என்றார்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, அது வயலினைப் பற்றியது என்பது. வயலினில் சுரம் பிசகினால் அந்த நொடியிலேயே காதில் கேட்கிறது. எது சரி என்பது பெரும்பாலும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மரபிசை, மரபு நடனம், எழுத்தோவியம் போன்றவற்றில் சீக்கிரமே ஒன்றைப் பிடித்து அதிலேயே கிடப்பதற்கு மாற்று இல்லை. அங்கே பத்து வருடம் அலைந்து திரிந்துவிட்டு வருபவருக்குக் கை படியாது. ஆனால் விளம்பரம், கதை எழுதுவது, திரைப்பட இயக்கம், பொருள் வடிவமைப்பு போன்றவற்றில் எது சரி என்று யாரும் உடனே சொல்வதில்லை. ஒரு விளம்பரம் ஏன் ஓடியது என்று அதைச் செய்தவருக்கே பல சமயம் தெரியாது. இங்கே ஒரே வழியில் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கத்தைத்தான் இறுக்கும். வேறு துறைகளைப் பார்த்தவரிடம் புது வழி கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிபுணருக்கு நாள் கூலி அதிகம், சும்மா இருக்கும் நாட்களும் அதிகம். பல வேலை தெரிந்தவருக்குக் கூலி குறைவு, வேலை அனேகமாக ஓடிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய கடன் இருப்பவர் இரண்டாவதை விட்டு அவசரமாக வெளியே வரக் கூடாது. அலுப்பு அதைவிடப் பெரிய விஷயம். ஒரே வகை முகப்பு அட்டையை நூறாவது முறை செய்யும்போது சிலருக்கு நுணுக்கம் கூடுகிறது, சிலருக்கு உயிர் போகிறது. இதில் சரி தப்பு கிடையாது. உயிர் போகிறவர் தன்னை வற்புறுத்திக் குறுக்கிக்கொண்டால் வேலையில் அது தெரிந்துவிடும்.

உங்கள் நிலையில் எது

தொழிலுக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது என்றால் இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். கிடைக்கும் வேலையெல்லாம் செய்யுங்கள். எதில் கண் திறக்கிறது என்று தெரிய, பலவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மரபுக் கலைகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

பல வருடம் ஆகிவிட்டது, எல்லாம் செய்கிறேன், ஆனால் எந்த இடத்திலும் மேலே நகரவில்லை என்றால், ஒரு மையம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதைக் கருவியின் பெயரால் சொல்லாதீர்கள். ‘நான் இந்த சாஃப்ட்வேரில் எக்ஸ்பர்ட்’ என்பது அந்த சாஃப்ட்வேர் இருக்கும்வரைதான். ‘சிக்கலான அறிவியல் விஷயத்தைப் படமாகப் புரியவைப்பேன்’, ‘நீளமான நேர்காணலைச் சுவை கெடாமல் பத்து நிமிடமாகச் சுருக்கித் தருவேன்’ என்பவை நிற்கும். இரண்டாவதைச் சொல்பவருக்கு எடிட்டிங்கும் ஒலியும் எழுத்தும் சேர்ந்தே தேவைப்படும் என்பதைக் கவனியுங்கள். அவர் எதையும் தூக்கி எறியவில்லை. ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1997-இல் ஒரே திரைப்படத்துக்குத் தொகுப்புக்கும் ஒலிக்கும் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். படத்தை வெட்டுவதும் ஒலியைச் சேர்ப்பதும் அவருக்கு இரண்டு தொழிலாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பவரின் கவனத்தை எங்கே வைப்பது என்ற ஒரே வேலையைக் கண்ணாலும் காதாலும் செய்தார் என்றே படுகிறது.

மையம் போதுமான அளவு பெரியதா என்றும் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குக் காசு கொடுக்கக்கூடிய பத்துப் பேரை, பத்து நிறுவனங்களைப் பெயர் சொல்லி எழுத முடிகிறதா? முடியவில்லை என்றால் கொஞ்சம் அகட்டுங்கள். ஒருவரே உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் தருகிறார் என்றால், மையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஆபத்தான குறுக்கம்.

ஏற்கெனவே குறுகலாக இருந்து மூச்சு முட்டுபவர் வேறு எங்கோ தாவ வேண்டியதில்லை. தன் வேலைக்கு முந்தைய வேலையையும் பிந்தைய வேலையையும் கற்றால் போதும். ஓவியருக்கு முந்தையது கதை, பிந்தையது அச்சு. எடிட்டருக்கு முந்தையது படப்பிடிப்பு, பிந்தையது ஒலியும் நிறத் திருத்தமும். நிபுணராகும் அளவுக்குப் போக வேண்டாம். அந்த வேலையைச் செய்பவரோடு அவர் பாஷையில் பேசும் அளவுக்குத் தெரிந்தால் போதும். உங்களிடம் வரும் வேலையின் தரமும் நீங்கள் அனுப்பும் வேலையின் தரமும் அதிலேயே மாறும்.

மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது போர்ட்ஃபோலியோவில்தான், அதாவது செய்த வேலைகளைப் பிறருக்குக் காட்டும் தொகுப்பில். செய்வதை ஒரே நாளில் நிறுத்த முடியாது. காட்டுவதை ஒரே நாளில் மாற்றலாம். முன்பக்கத்தில் மையத்தைச் சேர்ந்த வேலைகளை மட்டும் வையுங்கள், ஐந்தாறு இருந்தாலே போதும். அவ்வளவு இல்லை என்றால், யாரும் கேட்காமலே நீங்களாக இரண்டு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பின்னால் ஒரு தனிப் பக்கத்தில் இருக்கட்டும். பழைய வாடிக்கையாளர்கள் கேட்கும்போது இணைப்பை அனுப்பலாம். அவர்களுடைய பழைய வகை வேலையைத் தொடர்ந்து செய்துகொடுப்பதில் தப்பே இல்லை, உங்களுக்கு நேரம் இருக்கும்வரை. நேரம் போதாமல் போகும் கட்டம் வந்தால், நீங்கள் நம்பும் இன்னொருவரிடம் அவர்களை அறிமுகம் செய்துவையுங்கள். அந்த இன்னொருவர் இப்போதுதான் தொழிலுக்கு வந்து, எல்லா வேலையும் செய்து பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு இப்போது தேவை அதுதான்.